ப்ளக் புதுசு, மிஸ்ஸிங்கும் புதுசு

சர்வீஸுக்கு விடும்வரை ஒழுங்காக ஓடிய வண்டி, புது ஸ்பார்க் ப்ளக் போட்டு வெளியே வந்ததும் உதறுகிறது என்றால், அதே நாளில் தற்செயலாக இன்ஜினுக்குள் ஒரு வியாதி வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். பாலக்கோட்டில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறோம், நானும் வீட்டுக்காரரும். "பேரிங் மாத்திட்டு வந்தேம்மா, அதுல இருந்து ட்ரிப் ஆகுது" என்று மோட்டாரை இறக்குபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, பேரிங் மாற்றியவர் கூடவே வேறு எதில் கை வைத்தார் என்பதுதான். பாதி நேரம் பதில் அதிலேயே இருக்கும். கேபிள் ஜாயின்ட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டியிருப்பார், டேப் சரியாகச் சுற்றியிருக்க மாட்டார்.

இந்த முறை கடை வாசலில் நின்றது என் தம்பியின் சான்ட்ரோ ஜிங் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1086 சிசி, நாலு சிலிண்டர், பெட்ரோல். தம்பி தக்காளி மண்டியில் இருக்கிறான். பின் சீட்டை மடக்கி கிரேட் ஏற்றி ஏற்றி, ஏ.சி. போட்டால்கூட வண்டிக்குள் மண்டி வாசம்தான் வரும். மாமனார் வீடு சேலத்தில் என்பதால் தொப்பூர் வழியாகப் போக்குவரத்து நிறைய. ஒரு தடவை கிளம்புவதற்கு முன்னால் ஆயில், ஏர் ஃபில்டர், ப்ளக் மூன்றையும் மாற்றச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறான்.

"சிக்னல்ல நின்னா ஸ்டியரிங்கே நடுங்குதுக்கா. செகண்ட் கியர்ல மிதிச்சா ஒரு திக்கு திக்கிட்டுத்தான் இழுக்குது. பெட்ரோல் வாசம் வேற."

சைலன்சருக்குப் பின்னால் போய் நின்று கேட்டேன். ஒரே சீராக வர வேண்டிய சத்தம் நடுவில் விட்டு விட்டு 'பொட்' என்றது. மிஸ்ஸிங் என்கிற அந்த விடுபடல் ஒரே தாளத்தில் வந்தால், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தாளமே இல்லாமல் வந்தால் காற்று, பெட்ரோல் என்று பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். இது தாளத்தோடு வந்தது, இடையிடையே இன்னொன்றும் சேர்ந்து குழப்பியது.

வண்டி பார்த்த மெக்கானிக் அண்ணன் முதலில் பெட்ரோலில் தண்ணீர் என்றாராம். அடுத்து இன்ஜெக்டர் கிளீனிங். மூன்றாவதாக, "காயில் போயிருக்கும், மாத்திடலாம்". ப்ளக்குக்கு ஸ்பார்க் வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயிலைச் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெட்ரோல் வாசம் அடித்தால் யாருக்கும் பெட்ரோல் பக்கம்தான் புத்தி போகும். ஆனால் அந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்பது கொஞ்சம் வேடிக்கையான கதை.

ஸ்பார்க் விழாத சிலிண்டரில் பெட்ரோல் எரிவதில்லை, காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் செலவாவதில்லை. இரண்டும் அப்படியே சைலன்சர் பக்கம் தள்ளப்படும். அந்த வழியில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சருக்குப் பெட்ரோலை அடையாளம் தெரியாது. ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதைப் பார்த்து, இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி இன்னும் ஊற்றும். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஊற்றும். அவையும் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், வாசம் கூடும். இத்தனைக்கும் பெட்ரோல் லைனில் ஒரு பழுதும் இருக்காது. இந்த நிலையில் "இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க, சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அது தாங்காத சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிவிட்டால், ப்ளக்கையும் ஒயரையும்விடப் பல மடங்கு செலவு.

முதலில் பானட்டைத் திறந்து, அன்றைக்கு அவர்கள் எதையெல்லாம் தொட்டிருப்பார்கள் என்று பார்த்தேன். ஏர் ஃபில்டர் டப்பாவின் கிளிப் சரியாக விழுந்திருந்தது. டப்பாவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய், வால்வ் கவரிலிருந்து வரும் சின்னக் குழாய், எல்லாம் இடத்தில் இருந்தன. சென்சர் கனெக்டர் எதுவும் கழன்று தொங்கவில்லை. இந்தச் சோதனைக்கு டார்ச் ஒன்று போதும், காசு செலவில்லை, ஆனால் பலர் இதைத் தாண்டி நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள். கழன்று கிடக்கும் ஒரு வேக்கம் குழாய்க்காக இன்ஜெக்டர் கிளீனிங் செய்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது ப்ளக் ஒயர்களின் வரிசை. பழைய அம்பாசிடரில் ஸ்பார்க்கை ஒவ்வொரு ப்ளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும், அதில் ஒயர் ஒன்று மாறினாலும் வண்டி தும்மும். சான்ட்ரோவில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு காயில். ஒன்று 1-க்கும் 4-க்கும், இன்னொன்று 2-க்கும் 3-க்கும். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பதுதான் ஒன்றாம் சிலிண்டர். வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றாவது பிஸ்டனும் நான்காவதும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒன்றில் அழுத்தம் முடிந்து வெடிக்க வேண்டிய நேரத்தில், மற்றதில் புகை வெளியேறிக்கொண்டிருக்கும். காயில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஸ்பார்க் கொடுக்கும். ஒன்று வேலை செய்யும், மற்றது புகைக்குள் வீணாகப் போகும். அதனால் 1, 4 ஒயர்களை மாற்றிச் செருகினாலும் வண்டிக்கு ஒன்றும் தெரியாது. 1-ஐயும் 2-ஐயும் மாற்றினால் ஸ்டார்ட் ஆவதே சிரமம். தம்பி வண்டியில் வரிசை சரியாகவே இருந்தது. ஒயர் முனையில் இருக்கும் ரப்பர் தொப்பி ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தேன், ப்ளக் தலையில் 'டிக்' என்று உட்காரும் அந்தச் சின்ன அதிர்வு விரலுக்குத் தெரிய வேண்டும். நாலிலும் தெரிந்தது.

அப்புறம் இருட்டும்வரை காத்திருந்தோம். கடை ஷட்டரை இறக்கி லைட்டை அணைத்து, வெளியே வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு, துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கும் பாட்டிலில் ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். புகை மாதிரி படிந்தால் போதும், நனைக்கக் கூடாது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைத்தான் எடுத்தேன். எங்கள் ஊர் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படியும், அந்தப் படிவமே பிறகு ஈரம் பட்டால் கரன்ட் ஓட ஒரு வழி போட்டுக் கொடுக்கும். தெளித்ததும் இரண்டாம் சிலிண்டர் தொப்பியின் விளிம்பில் மெல்லிய நீல நூல் ஒன்று மின்னி மின்னி மறைந்தது. மற்ற இடமெல்லாம் இருட்டு.

"பாத்தியாக்கா! ரெண்டாவது ஒயருதான்!" என்று தம்பி குதித்தான். நான் அதைக் குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன். கரன்ட் ஓர் இடத்தில் கசிகிறது என்றால், அந்த இடம் பலவீனமாக இருக்கலாம், அல்லது போக வேண்டிய வழி வேறு எங்கோ அடைத்திருக்கலாம். காயில் கட்டுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். எரிந்த இடம் ஒன்று, எரிய வைத்த இடம் வேறொன்று.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஓடும் வண்டியில் ப்ளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் ஒர்க்‌ஷாப்களில் இன்னும் இருக்கிறது. வேண்டாம். அதில் வருவது இருபதாயிரம் முப்பதாயிரம் வோல்ட். சக்தி குறைவு என்பதால் ஆரோக்கியமான ஆளைப் பெரும்பாலும் உதறித்தள்ளுவதோடு விட்டுவிடும், ஆனால் உதறும்போது கை எங்கே போகும், ஃபேனிலா பெல்ட்டிலா என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. காயிலுக்கும் கேடு. வெளியே போக வழியில்லாத வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய், காயிலுக்குள் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் இருக்கும் இன்சுலேஷனைக் குத்திவிடும். மோட்டாரில் இன்சுலேஷன் இப்படிக் குத்திக்கொண்டு வருவதைக் கட்டித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது, அதனால் தெரியும்.

அதற்குப் பதில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றலாம். வெறும் 12 வோல்ட். கை நுழைய இடம் குறைவு, கம்பி கிளிப் ஒன்று தெறித்து விழுந்து அதைத் தேடியதில் நேரம் போனது, ஆனாலும் இதுதான் சுத்தமான வழி. ஒன்றாவதைக் கழற்றினால் இன்ஜின் சட்டென்று தள்ளாடியது. திரும்பப் போட்டு நான்காவதைக் கழற்றினால் அதே தள்ளாட்டம். அப்படியென்றால் இரண்டும் உழைக்கின்றன. இரண்டாவதைக் கழற்றியபோது கொஞ்சமாக மாறியது. மூன்றாவதைக் கழற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. இருந்தும் இல்லாத சிலிண்டர் அது. புது வண்டிகளில் இவ்வளவு பாடு தேவையில்லை. கோளாறு எண்ணைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகினால் பி0303 என்று வரும், கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்று வந்தால் ஒரு சிலிண்டரோடு நிற்காத மிஸ்ஸிங். அந்த வண்டிகளில் செக் இன்ஜின் லைட் நிலையாக எரிவதற்கும் விட்டு விட்டு மின்னுவதற்கும் வித்தியாசம் உண்டு. மின்னினால் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும் அளவுக்கு மிஸ்ஸிங் என்று பொருள், ஓரமாக நிறுத்திவிடுவது நல்லது.

தம்பி மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"ரெண்டும் மூணுமா? நான்தான் சொன்னேனே தம்பி, அது ரெண்டுக்கும் ஒரே காயில். காயில்தான் போச்சு."

"அண்ணா, காயிலை அளந்து பார்த்தீங்களா?"

"அளக்குறதெல்லாம் இல்லம்மா. அனுபவம்."

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டுக்கும் ஒரே காயில்தான். ஆனால் அந்த காயிலின் ஒரு முனையிலிருந்து கிளம்பும் கரன்ட் 2-ஆவது ஒயர் வழியாகப் போய், 2-ஆவது ப்ளக்கின் இடைவெளியைத் தாண்டி, இன்ஜின் இரும்புக்குள் இறங்கி, 3-ஆவது ப்ளக்கில் ஏறி, அதன் இடைவெளியையும் தாண்டி, 3-ஆவது ஒயர் வழியாகக் காயிலின் அடுத்த முனைக்கு வந்து சேர்கிறது. மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டும் சீரியல் செட் போலத்தான். வழியில் எங்கே அறுந்தாலும் இரண்டு பக்கமும் பாதிக்கும். எனவே 2-ம் 3-ம் சேர்ந்து படுத்தால் காயில் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. அந்தச் சுற்றில் இருக்கும் ஒயர், ப்ளக், தொப்பி எல்லாமே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவை. அவற்றில் விலை குறைந்ததிலிருந்து விசாரிப்பதுதான் மரியாதை.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, அது தம்பி டப்பாவில் வைத்திருந்த பழைய ப்ளக்குகளில் கண்ணுக்கே தெரிந்தது. இரண்டில் நடு முனை தேய்ந்து மொட்டையாகியிருந்தது, இரண்டில் வளைந்து நிற்கும் பக்க முனை தேய்ந்திருந்தது. ஒரு ஜோடியில் ஒரு ப்ளக்கில் ஸ்பார்க் நடுவிலிருந்து பக்கத்துக்குத் தாவும், ஜோடிப் ப்ளக்கில் பக்கத்திலிருந்து நடுவுக்கு. திசை மாறுவதால் தேய்மானமும் மாறுகிறது. இது கோளாறு இல்லை. இதைப் பார்த்துவிட்டு "ப்ளக் டூப்ளிகேட்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்ஜினை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மல்டிமீட்டரை எடுத்தேன். "மெகர் வெச்சு அடிச்சுப் பாக்கலாமேக்கா, கடையிலதான் இருக்கே" என்றான் தம்பி. மெகர் என்பது இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர், 500 வோல்ட் தள்ளும். மோட்டாருக்கு அது சரி. காரில் தெரியாமல் எங்காவது வைத்தால் இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.எம். பரலோகம் போய்விடும். காரில் மெகர் தொடவே கூடாது என்று சொல்லி, அதைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

காயிலின் 1-4 முனைகளுக்கு நடுவில் ஓம் பார்த்தேன், 2-3 முனைகளுக்கு நடுவில் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. மாடலுக்கு மாடல் இந்த அளவு மாறும், ஆனால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரட்டைப் பிறவிகள் ஒன்றுக்கொன்று சாட்சி. இதை வைத்து காயில் நூறு சதவீதம் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஓமில் சரியாகக் காட்டிவிட்டு வோல்டேஜ் ஏறும்போது உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் காயில்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அறுந்திருக்கவில்லை என்பது நிச்சயம்.

ஒயர்களைக் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்தோம். இந்த ஒயருக்குள் செப்புக் கம்பி இருப்பதில்லை, கரி ஏற்றிய நூல். ரேடியோவில் இரைச்சல் வராமல் இருக்க வேண்டுமென்றே தடை வைத்துச் செய்வது. எனவே பூஜ்ஜியம் காட்டாது, நீளத்துக்குத் தக்க சில ஆயிரம் ஓம் காட்டும். முதல் ஒயர், இரண்டாவது, நான்காவது எல்லாம் மூன்றிலிருந்து ஐந்து கிலோ ஓமுக்குள் நீளத்துக்கேற்ப வந்தன. மூன்றாவதை வைத்தேன். ஓ.எல்., அதாவது வழி அறுந்திருக்கிறது. அப்படியே மீட்டரைப் பிடித்துக்கொண்டு தொப்பியை உள்ளே அழுத்தினேன். நாலு கிலோ ஓம். கையை எடுத்தேன். மறுபடியும் ஓ.எல்.

தொப்பியை பிளேடால் கிழித்துப் பார்த்தோம். உலோக முனையைப் பிடித்திருக்க வேண்டிய கரி நூல் அதிலிருந்து உருவிக்கொண்டு பின்னுக்குப் போயிருந்தது. நுனி கருகி, சுற்றி வெள்ளைப் பொடி. ப்ளக்கிலிருந்து தொப்பியைக் கழற்றும்போது தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி, பிறகு இழுக்க வேண்டும். அவசரத்தில் ஒயரைப் பிடித்து இழுத்தால் இதுதான் நடக்கும். அதுவும் வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து ப்ளக்கோடு ஒட்டிக்கொண்ட ரப்பர். வெளியே ஒரு கீறல் இருக்காது, உள்ளே அறுந்திருக்கும். அந்தச் சின்ன இடைவெளியையும் கரன்ட் சில நேரம் தாவும், சில நேரம் தாவாது. தாவ முடியாத நேரத்தில் காயிலிலிருந்து கிளம்பிய வோல்டேஜ் சும்மா இருக்காது. சுற்றின் மறுகோடியில், 2-ஆவது தொப்பியின் விளிம்பில் வழி தேடியது. நாங்கள் இருட்டில் பார்த்த நீல நூல் அதுதான்.

மீட்டர் இல்லாதவர்கள், நீளம் எட்டினால் 2, 3 ஒயர்களைத் தங்களுக்குள் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே காயில் என்பதால் மாற்றினால் தப்பில்லை. கோளாறு ஒயரோடு கூடவே இடம் மாறினால் ஒயர், மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் வேறு ஏதோ.

தர்மபுரியிலிருந்து புது ஒயர் செட் வந்தது. ஒன்று மட்டும் கிடைக்குமா என்று கேட்டான் என் தம்பி, அவன் அப்படித்தான். நாலும் ஒரே வயசு, ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று சொல்லி முழு செட் வாங்க வைத்தேன். போட்டதும் ஐடிலிங், அதாவது நின்ற இடத்தில் ஓடும் ஓட்டம், சீரானது. ஸ்டியரிங் நடுக்கம் நின்றது. தம்பி சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

"இன்னும் முடியலடா. ரெண்டாவது ப்ளக் மேல எனக்குச் சந்தேகம் இருக்கு. தொப்பூர் ஏத்தத்துல என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு வா. அந்தப் பழைய ப்ளக் டப்பாவையும் ப்ளக் ஸ்பேனரையும் எடுத்துட்டுப் போ."

நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினை வைத்து ஸ்பார்க்கை எடைபோட முடியாது. ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் போகும் காற்று கொஞ்சம், அழுத்தமும் கொஞ்சம், சுலபமாக ஸ்பார்க் தாவும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்று போய் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் அதே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். வெளியே அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்தால் கரன்ட் அந்த வழியைத்தான் எடுக்கும். சேலத்திலிருந்து தர்மபுரி வரும் பக்கம் தொப்பூரில் நல்ல ஏற்றம். எதிர்ப் பக்கம் லாரிகள் பிரேக்கை நம்பி இறங்கிக்கொண்டிருக்கும், நம் பக்கம் இன்ஜினை நம்பி ஏற வேண்டும். இதைவிட நல்ல டெஸ்ட் பெஞ்ச் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடையாது.

மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஏற்றத்தில் நாலாவது கியரில் மிதித்திருக்கிறான். லேசாக இரண்டு தட்டு. கியரைக் குறைத்தால் இல்லை. திரும்ப மிதித்தால் திரும்பத் தட்டு. ஏறி முடித்து, நல்லம்பள்ளி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி எனக்கு போன் போட்டான். இன்ஜின் நன்றாக ஆறும்வரை ப்ளக்கைத் தொடாதே என்றேன். சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். டீ, வடை, இன்னொரு டீ. அப்புறம் 2-ஆவது ப்ளக்கைக் கழற்றி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான்.

வெள்ளைப் பீங்கான் மேல், மேலிருந்து கீழாகப் பென்சிலில் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கீற்று. கரன்ட் வெளிப்பக்கமாக வழுக்கி இறங்கிய தடம் அது. ஒரு தடவை தடம் விழுந்துவிட்டால் அது கரி, கரி வழியாகக் கரன்ட் போகும், எத்தனை துடைத்தாலும் நம்ப முடியாது. அந்த ப்ளக் புதியது, அதன் இடைவெளி கம்பெனி அளவு, முனையில் தேய்மானம் இல்லை, பெட்டியைப் பார்த்தால் ஒரிஜினல். இருந்தாலும் இனி அது உபயோகமில்லை. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று: பீங்கான் இரும்பைச் சேரும் இடத்தில் சுற்றிலும் பழுப்பாக ஒரு வளையம் படியும். காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகள்கள் அங்கே ஒட்டுவதால் வருவது, பார்க்கக் கசிவு மாதிரி இருக்கும், ஒன்றும் செய்யாது. வளையம் இருந்தால் விட்டுவிடலாம். நெடுக்குக் கோடு இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அங்கேயே டப்பாவிலிருந்து பழைய ப்ளக்குகளில் சுமாரானதைப் போடச் சொன்னேன். போடும் முறையையும் போனிலேயே சொன்னேன்: முதலில் ஸ்பேனர் வேண்டாம், ப்ளக் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி அதைப் பிடித்துத் திருகு. மரை சரியாகப் பிடித்தால் சுலபமாக இறங்கும், கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், சேதம் வராது. கையால் முழுசாக இறங்கிய பிறகுதான் ஸ்பேனர். புது ப்ளக் என்றால் அதற்கு மேல் அரைச் சுற்று, கொஞ்சம் கூடுதல், அதன் வாஷர் நசுங்குவதற்கு. ஏற்கனவே நசுங்கிய பழைய ப்ளக் என்றால் கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு போதும். "அவ்ளோதானா?" என்றான். அவ்வளவுதான். இன்னும் ஒரு இழுப்பு இழுத்துத்தான் பாதி ஹெட்டுகள் லேத்துக்குப் போகின்றன.

பழைய ப்ளக்கோடு தொப்பூருக்குத் திரும்பிப் போய் ஏறிப் பார்க்கச் சொன்னால் திட்டுவான் என்று தெரியும். அதிகாலையில் ராயக்கோட்டை பக்கம் போய்விட்டு கிரேட் ஏற்றிக்கொண்டு வந்தவன், லோடோடு மேட்டில் மிதித்தும் தட்டவில்லை என்றான். அதற்குப் பிறகுதான் அந்த ஒன்றுக்கும் புது ப்ளக் வாங்கினோம். பழையதை எடுத்த கையோடு குப்பையில் போட்டிருந்தால், டீக்கடை வாசலில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. ப்ளக் மாற்றும் கடையில் பழசைக் கேட்டு வாங்கி, எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று மேலே எழுதி வையுங்கள். எங்கள் கடையில் எரிந்த காயிலைக்கூட மோட்டார்க்காரர் பார்க்காமல் எடைக்குப் போடுவதில்லை.

வாங்கும்போது பெட்டி மேல் இருக்கும் எண்ணையும் கொஞ்சம் கவனிக்கலாம். என்.ஜி.கே. ப்ளக்கில் கடைசியில் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். நடுவில் வரும் எண் அதன் சூட்டு அளவு, அதாவது ப்ளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்திவிடும் என்பது. என்.ஜி.கே.யில் எண் கூடக் கூட ப்ளக் குளிர்ச்சி, போஷில் எண் கூடக் கூடச் சூடு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்கும் கடைக்காரர் "அதே நம்பர்தான்" என்று சொன்னால் அது அதே ப்ளக் இல்லை. பொருத்தம் பார்க்கும் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

மெக்கானிக் அண்ணன் பிறகு ஒரு நாள் எங்கள் கடைப் பக்கம் வந்தார், கம்ப்ரஸர் மோட்டாரோடு. கிழித்த ஒயரைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பசங்க இழுத்துருப்பானுங்கம்மா" என்றார். மல்டிமீட்டர் என்ன விலை என்று கேட்டார், சொன்னேன். கம்ப்ரஸர் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயில் போயிருந்தது, வழக்கமான ரேட்தான் போட்டேன்.

தம்பி வண்டியில் ஏ.சி. போட்டால் ஐடிலிங் கொஞ்சம் இறங்கி ஏறுவது மட்டும் இன்னும் இருக்கிறது. அது ப்ளக் மாற்றுவதற்கு முன்பிருந்தே உண்டு என்று இப்போதுதான் ஒத்துக்கொண்டான், ஆக அது வேறு வழக்கு. இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மண்டியில் வரத்து குறையட்டும் என்கிறான்.